கழுத்து வலிக்குக் கரண்ட் வைத்தால் குணமாகுமா? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து கழுத்து வலியோடு வருகிறவர்களுக்கு நான் பிசியோதெரபி பார்க்கிறேன். வந்து உட்கார்ந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் வைப்பீங்களா?" என்பதுதான். அம்மாவுக்கு முட்டியில் வைத்தார்கள், மாமாவுக்கு இடுப்பில் வைத்தார்கள், எனக்கும் கழுத்தில் வையுங்கள் என்பார்கள். அவர்களும் அவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கரண்ட் வைப்பது என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒரே பெயரில் ஐந்தாறு வேறு வேறு சிகிச்சைகள் ஓடுகின்றன.

பரவலாக இருப்பது டென்ஸ். கைக்கு அடக்கமான பெட்டி, இரண்டு அல்லது நான்கு ஒட்டுப் பட்டைகள், பேட்டரியில் ஓடும். தோல் வழியாகச் சிறு சிறு மின்துடிப்புகளை நரம்புக்கு அனுப்பும். கிளினிக்கில் இருக்கும் பெரிய மிஷின் பெரும்பாலும் ஐ.எஃப்.டி. அதில் சற்றே வேறுபட்ட இரண்டு மின்னோட்டங்கள் உடம்புக்குள் ஒன்றையொன்று வெட்டும். ஒன்று விநாடிக்கு 4000 தடவை, இன்னொன்று 4100 தடவை துடித்தால், அவை கலக்கும் இடத்தில் 100 தடவை ஏறி இறங்கும் துடிப்பு உண்டாகும். தோலில் உறுத்தல் குறைவாக இருக்கும் என்பதால் பலருக்கு இது பிடிக்கும்.

தசையையே சுருங்க வைக்கும் மின்தூண்டல் தனி. உள்ளே சூடேற்றும் ஷார்ட்வேவ் தனி. ஜெல் தடவி உருட்டுகிற அல்ட்ராசவுண்டில் உங்கள் உடம்புக்குள் மின்சாரமே போவதில்லை, அது ஒலி அலை. லேசர் என்பது ஒளி. ஆகவே "எனக்குக் கரண்ட் வைத்தார்கள், கேட்கவில்லை" என்று யாராவது சொன்னால், என்ன மிஷின், எங்கே ஒட்டினார்கள், எவ்வளவு நேரம் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

மின்சாரம் எப்படி வலியைக் குறைக்கிறது?

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். முதுகுத் தண்டில் வலிச் செய்தி மேலே போகும் வழியில் ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்கிறது. தொடுதல், அழுத்தம் போன்ற உணர்வுகளைக் கொண்டுவரும் தடித்த நரம்பு இழைகள் சுறுசுறுப்பாக இருந்தால், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி அந்தக் கதவைத் தாண்டுவது குறைகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்க்கிறோமே, அதே வேலைதான். டென்ஸ் கொடுக்கும் குறுகுறுப்பு அந்தத் தடித்த இழைகளைத் தூண்டுகிறது. மெதுவான துடிப்பில் வைத்தால் உடம்பே சுரக்கும் வலி நிவாரணிகளும் வெளிப்படுகின்றன என்பது இன்னொரு விளக்கம்.

யோசனை பழையதுதான். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தலைவலிக்கு மின்திருக்கை மீனை நெற்றியில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அந்த இன மீன் நம் தென்னாப்பிரிக்கக் கடலிலும் உண்டு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்னதெல்லாம் வலி உணர்வைப் பற்றியது. தேய்ந்த எலும்பை மின்சாரம் வளர்ப்பதில்லை. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தால் அதை உள்ளே தள்ளுவதும் இல்லை, பலவீனமான தசைக்கு டென்ஸால் பலம் வருவதும் இல்லை.

சரி, நேராகச் சொல்லுங்கள். கழுத்து வலிக்கு அது வேலை செய்கிறதா?

கொஞ்ச நேரத்துக்கு, சிலருக்கு, ஓரளவு. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் கழுத்து வலிக்கான மின்சிகிச்சை பற்றிய தன் தொகுப்பைப் புதுப்பித்தது. 20 ஆய்வுகள், மொத்தம் 1239 பேர். 20 ஆய்வுக்கு இவ்வளவுதான் ஆட்கள் என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். டென்ஸ், காந்தத் துடிப்புச் சிகிச்சை போன்றவை போலிச் சிகிச்சையைவிடக் கொஞ்சம் மேலாக இருக்கலாம், ஆனால் சான்றின் தரம் மிகக் குறைவு என்றது தொகுப்பு. தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டலுக்கும், மின்சாரத்தால் மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் முறைக்கும் அந்தக் கொஞ்ச நன்மையும் தெரியவில்லை. 2019இல் நாள்பட்ட கழுத்து வலிக்கு டென்ஸை மட்டும் தனியாக எடுத்து இன்னொரு தொகுப்பு வந்தது. 7 ஆய்வுகள், 651 பேர். மிஷின் ஓடியவர்களுக்கும், ஓடுவதுபோல நடிக்கும் மிஷின் வைக்கப்பட்டவர்களுக்கும் இடையே நம்பகமான வித்தியாசம் கிடைக்கவில்லை. அங்கேயும் சான்றின் தரம் மிகக் குறைவுதான்.

"ஓடுவதுபோல நடிப்பது" என்றால், பட்டை ஒட்டியிருக்கும், விளக்கு எரியும், ஆனால் மின்சாரம் வராது. அப்படிப்பட்ட மிஷினிலும் பலருக்கு வலி குறைகிறது. அதனால்தான் இப்படி ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் இன்னும் ஒரு படி மேலே போனது. தெளிவான காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு டென்ஸ், அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி. மூன்றையும் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. லேசருக்கு மட்டும் சற்று நல்ல செய்தி உண்டு. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு 16 ஆய்வுகளை, 820 பேரைப் பார்த்து, நாள்பட்ட கழுத்து வலியில் சிகிச்சை முடிந்து 22 வாரம் வரை பலன் நீடிக்கலாம் என்றது. ஆனால் லேசரில் அலைநீளம், அளவு, வைக்கும் இடம் எல்லாம் சரியாக அமைய வேண்டும்.

ஆனால் எனக்குக் கரண்ட் வைத்த பிறகுதானே குறைந்தது?

குறைந்தது உண்மை. நீங்கள் கற்பனை செய்யவில்லை. எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி.

திடீரென்று பிடித்துக்கொள்ளும் கழுத்து வலி பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாகவே தணியும். நாம் பிசியோவைத் தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு அது இறங்கத்தானே செய்யும்? அதோடு அரை மணி நேரம் படுத்திருக்கிறீர்கள், வீட்டு வேலை இல்லை, ஃபோன் இல்லை, அக்கறையோடு ஒருவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து "பயப்படாதீங்க" என்கிறார். இதெல்லாமே வலியைக் குறைக்கும். இவற்றோடு சேர்ந்து மின்சாரமும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

அப்படியானால் நீங்கள் ஏன் இன்னும் வைக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வைப்பதில்லை. வலியால் கழுத்தை அசைக்கவே பயப்படுகிறவருக்கு வைக்கிறேன்.

டர்பனில் தையல் ஃபேக்டரிகளில் வாழ்நாளெல்லாம் வேலை செய்த நம் பெண்கள் நிறைய. குனிந்த தலை, தூக்கிய தோள், காலடியில் மிஷின் மிதி, பீஸ் கணக்கில் கூலி. அப்படி ஒரு அக்கா வந்தார். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்புவார். காரை ரிவர்ஸ் எடுக்க முடியவில்லை என்று அழுதார். தோளின் மேல் தசையைத் தொட்டால் கயிறு முறுக்கியது போல இருந்தது. 20 நிமிடம் டென்ஸ் வைத்தேன். பட்டையை எடுத்த உடனேயே, அந்த மரமரப்பு இருக்கும்போதே உட்கார வைத்து, வலது பக்கம் மெதுவாகத் திரும்பச் சொன்னேன். தாடை தோளை நோக்கிப் பாதி தூரம் போனது. "வலிக்குது, ஆனா போகுதே" என்றார். அன்றைக்கு அந்தத் திருப்பம்தான் சிகிச்சை. மின்சாரம் அதற்கு வழி மட்டும் விட்டது.

டென்ஸின் பலன் மிஷின் ஓடும்போது அதிகம், நிறுத்திய பிறகு வேகமாகக் குறையும். அந்த நேரத்துக்குள் கழுத்து அசைய வேண்டும். கரண்ட் வைத்துவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்புகிற சிகிச்சையில் எனக்கு உடன்பாடு இல்லை. பணம் வாங்கிக்கொண்டு அப்படிச் செய்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எந்தப் பயிற்சிக்குச் சான்று இருக்கிறது?

கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் பலம் கொடுக்கும் பயிற்சிக்கு. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியோடு இருந்த 180 அலுவலகப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2003இல் முடிவு வந்தது. பலப் பயிற்சி செய்த இரண்டு குழுக்களுக்கும், இழுத்து நீட்டும் பயிற்சியும் ஏரோபிக் பயிற்சியும் மட்டும் செய்யச் சொன்ன குழுவைவிட வலி நன்றாகவே குறைந்தது. ஒரு வருடம் என்பதைக் கவனியுங்கள். ஆறு நாளில் நடந்ததில்லை.

வீட்டில் தொடங்க மூன்று போதும். முதலாவது, நேராக உட்கார்ந்து, பார்வை நேராக இருக்க, தாடையைப் பின்னால் இழுப்பது. இரட்டைத் தாடை தெரிய வேண்டும். தலை கீழே குனியவும் கூடாது, மேலே தூக்கவும் கூடாது. ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள், பத்து தடவை. இரண்டாவது, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக் கீழே இறக்குவது. தோள் காதை நோக்கி ஏறினால் தவறு, அந்தத் தசைதான் ஏற்கெனவே களைத்துக் கிடக்கிறது. மூன்றாவது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையை அசையவிடாமல் மெல்லத் தள்ளுவது, பக்கவாட்டிலும் அப்படியே. கொஞ்சம் வலிக்கலாம். பயிற்சி முடிந்து அடுத்த நாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள். நிறுத்திவிட வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் என்று எழுதியிருக்கிறதே?

ஜப்பானில் வலியே இல்லாத 1211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கிட்டத்தட்ட 88 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் கழுத்தை அசைக்கப் பயப்படுவதுதான் பலருக்கு வலியைவிடப் பெரிய சங்கடமாக இருக்கிறது. கையில் பலம் குறைந்தாலோ நரம்பு அறிகுறி இருந்தாலோ ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் வேறு, அதை டாக்டர் சொல்ல வேண்டும்.

எந்த மாதிரிக் கழுத்து வலிக்குக் கரண்டைத் தேடாமல் டாக்டரிடம் ஓட வேண்டும்?

இந்த நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். இராத்திரியில் தூங்க விடாத வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இவை சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். இருமல் இல்லாமலும் அது வரலாம். அதன் மேல் கரண்ட் வைத்துக்கொண்டு மாதங்களைக் கழித்தால் எலும்பு நொறுங்கி, முதுகுத் தண்டு அழுந்தி, கால் விளங்காமல் போகலாம். சரியான நேரத்தில் கண்டால் மாத்திரையிலேயே குணமாகக் கூடியது.

அடுத்தது முதுகுத் தண்டு அழுந்துவது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது. இதற்குத் தாமதிக்கவே கூடாது.

அதிகக் காய்ச்சலோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் இருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். கழுத்து, தாடை, இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் இந்தியக் குடும்பங்களில் அது சின்ன வயதிலேயே வருகிறது. இரண்டுக்கும் உடனே 10177 அல்லது 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள். கார் விபத்துக்கோ விழுந்ததற்கோ பிறகு வந்த வலிக்கும் முதலில் பரிசோதனைதான், கழுத்தைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம்.

யாருக்குக் கரண்ட் வைக்கவே கூடாது?

பேஸ்மேக்கர் அல்லது இதயத்தில் பொருத்திய வேறு மின்கருவி உள்ளவர்களுக்கு இதய டாக்டர் சம்மதிக்காமல் வைக்கவே கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், அந்த இடத்தில் புற்றுநோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உடம்புக்குள் பிளேட், ஸ்க்ரூ இருந்தால் ஷார்ட்வேவ் கூடாது, உலோகம் சூடாகிவிடும். புண், சொறி, வெடிப்பு உள்ள தோலில் பட்டை ஒட்டக் கூடாது.

கழுத்தின் முன்பக்கத்தில் யாருக்குமே ஒட்டக் கூடாது. அங்கே இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்பு முனைகளும் குரல்வளையும் இருக்கின்றன. துடிப்பு திடீரென்று குறையலாம், தொண்டை இறுகலாம். பட்டை பின்கழுத்திலும் தோளின் மேலும்தான்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வைக்கலாமா?

வைக்கலாம், சோதித்த பிறகு. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த தோலில் சூடு தெரியாது, மின்சாரத்தின் அளவும் தெரியாது. வெந்நீர்ப் பையால் கொப்புளம் வந்தபிறகுதான் தெரிந்தது என்று வருகிறவர்கள் உண்டு. முதலில் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் மழுங்கிய முனையாலும் தொட்டு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பிசியோ இதைச் செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

எத்தனை தடவை வைக்க வேண்டும்?

எண்ணிக்கை சொல்லி முன்பணம் வாங்கும் "பேக்கேஜ்" எனக்குப் பிடிப்பதில்லை. மூன்று நான்கு தடவையில் திரும்புவது, தூங்குவது, கார் ஓட்டுவது எதிலும் மாற்றமில்லை என்றால் அதையே தொடர்வதில் பயனில்லை. மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) சேமிப்புக் கணக்கிலிருந்துதான் பெரும்பாலும் பிசியோவுக்குப் பணம் போகிறது. அது தீர்ந்தால் மிச்ச மாதங்களுக்கு மாத்திரை, கண்ணாடி எல்லாம் கைக்காசு.

டென்ஸ் மிஷின் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

நாள்பட்ட வலி உள்ளவருக்கு, ஒரு தடவையாவது பிசியோவிடம் வைத்துப் பார்த்துப் பலன் தெரிந்த பிறகு, வாங்கலாம். ஆபத்து குறைவு, மாத்திரை குறைய உதவலாம், மின்வெட்டு வந்தாலும் பேட்டரியில் ஓடும். விலை அதிகமான மிஷின் அதிகம் குணமாக்கும் என்பதில்லை.

தோலைக் கழுவித் துடையுங்கள், தைலம் எதுவும் இருக்கக் கூடாது. மிஷினை அணைத்த நிலையில் பட்டைகளை வலியுள்ள இடத்தின் இரு பக்கமும், ஒன்றையொன்று தொடாமல் ஒட்டுங்கள். துடிப்பு விநாடிக்கு 80 முதல் 100 வரை. மின்சாரத்தின் அளவை மெதுவாகக் கூட்டுங்கள். நன்றாகக் குறுகுறுக்க வேண்டும், குத்தவோ தசை இழுக்கவோ கூடாது. சில நிமிடத்தில் உணர்வு மங்கும், அப்போது இன்னும் கொஞ்சம் கூட்டலாம். லேசாக வைத்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் பலர், அளவு போதாமல்தான். 20 முதல் 30 நிமிடம் போதும். வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் குளிக்கும்போதும் வேண்டாம்.

பிசியோவா, பயோகினெட்டிசிஸ்டா, கைரோபிராக்டரா?

பிசியோவிடம் டாக்டர் கடிதம் இல்லாமலே நேராகப் போகலாம். பயோகினெட்டிசிஸ்ட் பயிற்சியில் தேர்ந்தவர், வலி தணிந்த பிறகு பலம் கூட்ட நல்ல ஆள். இந்த இருவரும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கையாலேயே முதுகெலும்பைச் சரிசெய்யும் கைரோபிராக்டருக்கு வேறு கவுன்சில், பதிவு அவர்களுக்கும் கட்டாயம். கையில் காசு இல்லையென்றால் பக்கத்துக் கிளினிக்கில் தொடங்கி அரசு ஆஸ்பத்திரி பிசியோ பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே கூட்டம் அதிகம், ஆனால் கற்றுத்தரும் பயிற்சி அதேதான்.

கழுத்துப் பட்டை போடலாமா?

எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ இல்லையென்றால் வேண்டாம். நாள் கணக்கில் போட்டால் தசை இன்னும் பலவீனமாகும்.

ஆயா சொல்கிற நல்லெண்ணெய், ஒத்தடம்?

தாராளமாகச் செய்யலாம். இதமான சூடு தரும் நிம்மதி, கிளினிக்கில் காசு கொடுத்து வைக்கும் சில மிஷின்களுக்குக் குறைந்ததில்லை. தடவிய பிறகு அதே இடத்தில் டென்ஸ் பட்டை ஒட்டாதீர்கள், சரியாக ஒட்டாமல் ஓர் இடத்தில் மட்டும் சுரீர் என்று இழுக்கும்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருக்கிறேன். கழுத்து வலியோடு எடுக்கலாமா?

கையில் மரத்துப்போதலோ பலக் குறைவோ இருந்தால் இந்த வருடம் பால்குடம் எடுங்கள், அதையும் தலையில் வைக்காமல் கையில் ஏந்துங்கள். வெறும் தசைப் பிடிப்புதான் என்றால் இலேசான காவடியாகக் கட்டச் சொல்லி, எடை இரண்டு தோளிலும் சமமாக விழுகிறதா என்று வீட்டில் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். தோள்பட்டைப் பயிற்சியை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள், விரதம் தொடங்கும்போது தொடங்கினால் போதாது. ஜனவரி, பிப்ரவரி டர்பன் வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்பதால் தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். முதுகில் கொக்கி போட்டு ரதம் இழுப்பவர்கள், குத்திய இடம் முழுதும் ஆறும்வரை அந்தப் பக்கம் கரண்டும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

ஒரே மிஷினை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தலாமா?

பெட்டியைப் பகிரலாம், ஒட்டுப் பட்டையை ஆளுக்கு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பட்டை ஒட்டும் தன்மை போனதும் மாற்ற வேண்டும், பிளாஸ்டர் போட்டு இழுத்து ஒட்டக் கூடாது. இரண்டாவது ஆள் தாத்தா என்றால், எடுத்துக் கொடுக்கும் முன் அவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.